இடப்பக்க யன்னல்

பேர்த்திலிருந்து லண்டனுக்கு
பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்.
எங்கும் இறங்காமல் பறந்தால்
பதினேழரை மணித்தியாலம், காற்றைப் பொறுத்து.
ஹில்மியின் ரிக்கற் கடையில்
இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.
ஒஸ்லோ. டோஹா. ரொறன்ரோ.
குவைத்துக்குப் போகிற கிண்ணியாப் பெண் தூரம் கேட்கவில்லை,
பிளேனுக்குள் எத்தனை தரம் சாப்பாடு என்று கேட்டாள்.
அதுவும் சொன்னேன்.

அக்கா கேட்டபோது மட்டும்
கொம்பியூற்றரை விட்டுவிட்டு
தூசி தட்டி அந்தப் பூமி உருண்டையை எடுத்தேன்.
பேர்த்தில் ஒரு குண்டூசி,
லண்டனில் ஒரு குண்டூசி,
நடுவே தையல் நூலை இறுக்கினேன்.

இந்து சமுத்திரம் முழுக்கக் கடந்து வந்த நூல்
எங்கள் தீவின் முதுகில் ஏறிப் போனது.
திருகோணமலைக்கு மேலால் இல்லை.
பயறு ஒன்றின் அகலம் தள்ளி, தென்மேற்கே.
ஹில்மி எட்டிப் பார்த்து,
"பக்கத்திலதானே" என்றான்.
ஒரு பயறு என்பது
நூற்றைம்பது கிலோமீற்றர் வரும்.

பதினொரு வருஷம் அவர்கள் கதைக்கவில்லை.
உப்புவெளிக் காணியில் கிணற்றடி யாருக்கு என்பதில் தொடங்கி
பிறகு கிணறு தூர்ந்தும் போய்,
கோபம் மட்டும் தண்ணியோடு இருந்தது.
"அவளிட்டச் சொல்லு."
"அவனைக் கேட்டுப் பார்."
ஒரு சொல்லும் நேரே போனதில்லை.
எல்லாம் என்னில் இறங்கி,
இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருந்து,
கூரான சாமான்களை நான் எடுத்து வைத்த பிறகு
மறுபடி ஏறிப் போகும்.

இப்போது அண்ணனுக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள்.
அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.
"எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள்.
முதல் தடவையாக
என்னில் இறங்காத ஒரு பயணம்.
நானே பதிந்தேன். 37A. யன்னல்.

எங்கள் நேரம் பின்னேரம் நாலேகாலுக்கு
"ஏறிட்டன்" என்று வந்தது.
கணக்குப் போட்டேன்:
தீவுக்கு மேலே இரவு பதினொரு மணி.
ஏழு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய.
இங்கிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால்
அதே ஏழு மணித்தியாலத்தில்
கட்டுநாயக்கா வாசல் மட்டும் போகலாம்,
ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்காவிட்டால்.

பத்தே முக்காலுக்கு டச் பேக்குப் போனேன்.
சுண்டல் வண்டி பூட்டிப் போயிருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மான் இரண்டு
சுண்டல் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டு நின்றன.
என்னைப் பார்த்தன, தேவையில்லை என்று விட்டன.
தெரியாது என்று தெரியும்.
நூற்றைம்பது கிலோமீற்றர் தள்ளி
பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் போகிற விளக்கை
எந்தக் கண்ணும் பிடிக்காது.
ஆனாலும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன்,
வெளிநாட்டுக்காரன் மாதிரி,
கச்சேரிப் பக்கத்து வானத்தைப் பார்த்து.

அப்போதுதான் உறைத்தது.
தென்கிழக்கிலிருந்து வடமேற்கே போகிறவளுக்கு
திருகோணமலை வலப்பக்கம்.
A என்பது இடப்பக்கம்.
ஆயிரம் பேருக்கு யன்னல் பிடித்துக் கொடுத்தவள்
என்ர அக்காவை
எங்களுக்கு முதுகு காட்ட இருத்தியிருக்கிறேன்.

பதினொன்று பத்து. பதினொன்று இருபது.
ஒரு மான் இருமியது.
நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலை பத்தரைக்கு, கடையில்,
மன்னாரில் இருந்து வந்தவருக்குப் பாரிஸ் தூரம் சொல்லிக்கொண்டிருக்க
போன் அதிர்ந்தது.
அக்கா இல்லை. அண்ணன்.
என்னிடம் எதையும் சொல்லச் சொல்லாத
அவருடைய முதல் செய்தி:

"வந்திட்டாள். வழி முழுக்க நித்திரையாம்.
கால் ரெண்டும் வீங்கி சப்பாத்து ஏறேல்ல.
என்ர செருப்பைக் குடுத்திட்டு
நான் மேசோட நடக்கிறன்."